கூரையைப் பிரித்த நால்வர்

'திமிர்வாதக்காரன்' என்ற சொல்லை எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். திமிர் பிடித்தவன், எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுகிறவன் என்றுதான் அது நினைக்கும். அப்படிப்பட்ட ஆளை நான்கு பேர் ஏன் படுக்கையோடு தூக்கிக்கொண்டு போக வேண்டும்? இயேசு ஏன் அவன்மேல் இரக்கப்பட வேண்டும்? ஹென்றி பவர் குழுவினர் 1871இல் முடித்த தமிழ் வேதாகமம் முடக்குவாதத்துக்கு வைத்த பெயர் அது. மரத்துப்போன கையைத் திமிர்த்துப்போனது என்று சொன்ன தலைமுறைக்கு அது பட்டென்று விளங்கியிருக்கும். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் 'முடக்குவாதமுற்றவர்' என்று மாற்றிக்கொண்டது. ஆனால் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளின் ஞாயிறு பள்ளிகளில் இன்னும் புழங்குவது பழைய மொழிபெயர்ப்புத்தான்.

ஒரு சொல் தடுக்கினால் கதையே தடுக்கி விழும். என்றாலும், இயேசுவின் அற்புதங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் உள்ள சிக்கல்களில் இது சின்னது. ஆசிரியர் ஒரு நிமிடம் நின்று விளக்கினால் தீர்ந்துவிடும். அப்படித் தீராதவை வேறு சில உண்டு. சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்க்கும்போது அவை இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். உலக வரலாற்று நூல்களுக்கு இது 1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய நாள். மலேசியத் தமிழருக்கோ இது துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த மண். எல்பில், டோவன்பி, ஹீவூட் என்ற தோட்டப் பெயர்கள் இன்று பலருக்குத் தமிழ்ப்பள்ளிப் பெயர்களாகத்தான் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்துச் சனம் தாமான் வீடுகளுக்கு இடம் மாறியது. கூடவே சாமிகளும் வந்தன: முனியாண்டியும் மாரியம்மனும், ஒரு சில வீடுகளில் சிலுவையும்.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியருள் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள். முப்பது பிள்ளைகள் உட்காரும் தமிழ்ப்பள்ளி வகுப்பில் இரண்டு பேர் ஞாயிறன்று சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கடல்மேல் நடந்தவரின் கதையை அந்த இரண்டு பேர் திங்கட்கிழமை சிற்றுண்டிச்சாலையில் சொல்வார்கள். சூரனை வேலால் பிளந்தவரின் கதை பதிலுக்கு வரும். எந்தச் சாமி பெரிய சாமி என்று நாசிலெமாக் பொட்டலத்தின் மேல் ஒரு சின்னப் போட்டி நடக்கும். பெரியவர்கள் காதில் விழாத போட்டி. ஆனால் பெரியவர்கள் கதையைச் சொல்லிக்கொடுத்த விதத்திலிருந்து கிளம்பிய போட்டி.

இதே ஊரில் சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்தார். அந்தப் பெயருக்குரியவரின் வாழ்க்கையில் இந்த விஷயத்துக்கு நேராகப் பொருந்தும் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இரண்டையும் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். முதலாவது, ராஜ்கோட்டில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது நடந்தது. உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்து மூலையில் மிஷனரிகள் நின்றுகொண்டு இந்துக்களையும் அவர்களுடைய தெய்வங்களையும் ஏசிப் பேசுவார்கள். ஒரே ஒரு தடவைதான் நின்று கேட்டார்; மறுபடி அந்தப் பக்கம் நிற்கவே மனம் வரவில்லை. கிறிஸ்துவ மதத்தின்மேல் அவருக்கு ஒரு வெறுப்பு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது, சில ஆண்டுகள் கழித்து லண்டனில். தங்குவிடுதியில் சந்தித்த ஒரு கிறிஸ்துவர், மரக்கறி உண்பவர், பைபிளைப் படித்துப் பாருங்களேன் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டார். பழைய ஏற்பாடு காந்திக்குத் தூக்கத்தை வரவழைத்தது (அதையும் மறைக்காமல் எழுதினார்). மலைப்பிரசங்கமோ நேரே நெஞ்சில் போய்த் தைத்தது.

முதல் முறை தெருமுனையில் நின்றவர்கள் ஒரு பையனை இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் ஞாயிறு காலை பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துக் கதை சொல்கிற அக்காமார்களும் அங்கிள்களும், காந்தி பெயர் தாங்கிய அந்தப் பள்ளியைக் கடந்து போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அரசாங்கப் பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைக்கு நன்னெறிக் கல்விதான். சமயப் பாடம் கிடையாது. ஆகவே ஒரு கிறிஸ்துவப் பிள்ளை தன் நம்பிக்கையைப் படிக்க வீடு ஒன்று, ஞாயிறு பள்ளி அல்லது மறைக்கல்வி வகுப்பு இன்னொன்று. வீட்டில் அப்பா ஷிஃப்ட் வேலை, அம்மா ஈப்போவில் தொழிற்சாலை என்றால் மிச்சம் அந்த ஒரு மணி நேரம்தான். ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடே அப்படிப்பட்ட வீடுகளுக்காகப் பிறந்தது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் அதைத் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு மிஞ்சிய ஒரே நாள் ஞாயிறு. கதையோடு கூடவே எழுத்தும் கற்றுக்கொடுத்தார்கள். மலாயாத் தோட்டங்களிலும் நிலைமை வெகு தூரமில்லை: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கட்டளையிட்ட பிறகும், அம்மாவோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்த பிள்ளைகள் உண்டு.

அந்த ஒரு மணி நேரத்தில் எதைச் சொல்வது?

வழக்கமாகச் சொல்லப்படுவது ஆற்றல். தண்ணீர்மேல் நடந்தார், புயலை அதட்டினார், செத்தவனை எழுப்பினார். கையசைவோடு ஒரு பாட்டு, கடைசியில் வண்ணம் தீட்ட ஒரு தாள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தொலைபேசித் திரையில் ஸ்பைடர்மேனும் சோட்டா பீமும் அதைவிடப் பெரிய வித்தைகளைத் தினமும் செய்துகாட்டுகிறார்கள். ஆற்றலை மட்டும் கடைபரப்பினால் இயேசு அந்த வரிசையில் இன்னொருவராகிவிடுவார். பத்து வயதில் பிள்ளை அந்தப் பொம்மைகளை ஒதுக்கும்போது இவரையும் சேர்த்து ஒதுக்கிவிடும். நற்செய்தி நூல்களில் இருக்கிற இயேசுவே வித்தை காட்ட மறுத்தவர். கல்லை அப்பமாக்கு என்ற சோதனைக்கு இணங்கவில்லை. வானத்திலிருந்து ஓர் அடையாளம் காட்டு என்று பரிசேயர் கேட்டபோது பெருமூச்சு விட்டுவிட்டுப் படகேறிப் போனார். குணமாக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று அனுப்பிவைத்த கதைகள் மாற்கு நூலில் திரும்பத் திரும்ப வருகின்றன. விளம்பரத் தட்டியில் 'அற்புதப் பெருவிழா' என்று போடுகிறவர்கள் இந்தப் பகுதிகளை எப்போது வாசிப்பார்களோ.

அப்படியானால் அற்புதங்களை விட்டுவிட்டு, அன்பாக இரு, பொய் சொல்லாதே என்று மட்டும் சொல்லலாமே என்று படித்த சிலர் சொல்கிறார்கள். அதற்குத்தான் நன்னெறிக் கல்வி பாடநூல் இருக்கிறதே. இயேசுவின் அன்பு அந்த அற்புதக் கதைகளுக்குள்ளேதான் கை கால் முளைத்து நடமாடுகிறது. யாருக்காக, எந்த நேரத்தில், யார் கண்முன்னே அந்த ஆற்றல் இரங்கியது என்று சொல்லத் தொடங்கினால் கதையின் நிறமே மாறிவிடும்.

தொழுநோயாளியின் கதையை எடுத்துக்கொள்வோம். ஒரு சொல்லால் குணமாக்கியிருக்கலாம். மாற்கு எழுதுகிறபடி, இயேசு முதலில் கையை நீட்டித் தொட்டார். தொடக்கூடாது என்று சட்டமும் சமூகமும் ஒதுக்கிவைத்த உடம்பை. மலேசியப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல பாலஸ்தீனம் வரை போக வேண்டியதில்லை. 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு இருக்கிறது. தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லோரும் அங்கே தனித்து வைக்கப்பட்டார்கள், அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டன. பெற்ற பிள்ளையைத் தூக்கக் கொடுத்துவைக்காத அம்மாக்களை ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, பிறகு அந்தத் தொட்ட கையைச் சொன்னால், எது அற்புதம் என்று ஆசிரியர் விளக்கவே வேண்டாம்.

ஐந்து அப்பம், இரண்டு மீன் கதை நான்கு நற்செய்தி நூல்களிலும் உண்டு. அப்பத்தைக் கொண்டுவந்தவன் ஒரு சிறுவன் என்பதும், அது வாற்கோதுமை அப்பம் என்பதும் யோவானில் மட்டும்தான். வாற்கோதுமை ஏழைகளின் சாப்பாடு. நம் கணக்கில் கேழ்வரகுக் கூழ் மாதிரி. கடைசியில் வரும் ஒரு செய்தியைப் பல ஆசிரியர்கள் மணியைப் பார்த்துக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி பொறுக்கிச் சேர்க்கச் சொல்கிறார் இயேசு. பன்னிரண்டு கூடை நிறைந்தது. ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டவர் துணுக்கைப் பற்றிக் கவலைப்பட்டார்! ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் ஒன்று விடாமல் பொறுக்கி வாளியில் போட்டு, நிறுவையில் அரை ராத்தல் கூடுமா என்று பார்த்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இவர்கள். வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுவரச் சொல்லலாம். அடுத்த ஞாயிறு வகுப்பு தானாக நடக்கும்.

அடுத்தது கடினமான இடம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, மலேசிய இந்தியரில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டிலேயே இதுதான் அதிகம். ஆகவே வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலருடைய வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் இன்சுலின் இருக்கும். தாத்தாவுக்குக் கால்விரல் எடுத்திருப்பார்கள். அத்தை வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போவார். அந்தப் பிள்ளையிடம், விசுவாசத்தோடு ஜெபம் பண்ணினால் இயேசு குணமாக்குவார் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது வீட்டுக்குப் போய் என்ன செய்யும்? ஜெபம் பண்ணும். தாத்தாவின் புண் ஆறாது. தன் விசுவாசம் போதவில்லை, தன்னால்தான் தாத்தா குணமாகவில்லை என்று அது முடிவுக்கு வரும். ஏழு வயதுத் தோளில் ஏற்றக்கூடாத சுமை அது. ஏற்றியவருக்குத் தாம் ஏற்றினோம் என்பதே தெரியாது என்பது இன்னும் கொடுமை.

யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்துக் கதை இருக்கிறது. குளத்தங்கரை முழுக்க நோயாளிகள். இயேசு குணமாக்கியது 38 ஆண்டுகளாகக் கிடந்த ஒருவரை. மற்றவர்கள் குணமானதாக யோவான் எழுதவில்லை. ஏன் என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். 'தெரியவில்லை' என்று பதில் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். தேர்வுக்கும் இதே கணக்குத்தான். எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் பேனாவை வைத்து ஜெபிப்பதில் குற்றமொன்றுமில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். ஆனால் 'ஏ' வாங்கித் தருவதுதான் இயேசுவின் வேலை என்று கற்றுக்கொண்ட பிள்ளை, 'சி' வரும் நாளில் அவரை வேலையை விட்டு நிறுத்திவிடும்.

கானாவூர்க் கல்யாணத்தையும் ஊர் அறிந்து சொல்ல வேண்டும். தண்ணீர் திராட்சரசமான கதை. ஆறு கற்சாடி, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு லிட்டர். தோட்டத்துத் தவறணைக் கள்ளும், பிறகு வந்த மலிவுச் சம்சுவும் எத்தனை தமிழ்க் குடும்பங்களைத் தின்றன என்பதைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் கூவிக்கூவிச் சொன்னது. குடித்துவிட்டு அம்மாவை அடிக்கும் அப்பா உள்ள வீட்டிலிருந்து வந்த பிள்ளை இந்தக் கதையைக் கேட்டால் வயிறு கலங்கும். அதற்காக அது பழச்சாறுதான் என்று மழுப்புவதும் சரியில்லை. பிள்ளைகள் மழுப்பலை மோப்பம் பிடித்துவிடுவார்கள். கதையின் நரம்பு வேறு இடத்தில் ஓடுகிறது. பந்தியில் குறைந்துபோனால் கல்யாண வீட்டுக்கு எவ்வளவு அவமானம் என்பது தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதை முதலில் கண்டவர் மரியாள்; சமையற்கட்டு நிலவரம் தெரிந்த ஒரு அம்மா. மகன் காதில் மெதுவாகப் போட்டார். மணமக்கள் தலைகுனியாமல் காப்பாற்றப்பட்டார்கள். பந்தி விசாரிப்புக்காரருக்குக்கூட அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இந்த வழியாகச் சொன்னால் அந்தப் பிள்ளையும் கதைக்குள் வர இடம் இருக்கும்.

இனி, பக்கத்து வீட்டுப் பிள்ளை. தோழியோடு சேர்ந்து அதுவும் ஞாயிறு பள்ளிக்கு வருகிறது. பாட்டு இருக்கிறது, மைலோ இருக்கிறது, சில இடங்களில் இலவச டியூஷனும் இருக்கிறது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முறுக்கும் கேக்கும் மாறி மாறிப் போகும் தாமானில் இது இயல்பு. புக்கிட் மெர்தாஜம் செயின்ட் ஆன் தேவாலயத்துக்கு ஜூலைத் திருவிழாவில் மெழுகுவத்தி ஏற்றப் போகும் இந்துக் குடும்பங்கள் பேராக்கிலும் உண்டு. அவர்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆனால் பெரியவர்கள் தாமாகப் போவது வேறு. ஒரு பிள்ளையைப் பெற்றோருக்குத் தெரியாமல் ஜெபத்துக்குத் தலைகுனிய வைப்பது வேறு.

இதில் சட்டமும் பேசுகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் முடிவு செய்வார் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 12(4)ஆவது பிரிவு. அதன் பொருள் என்ன என்று ஒன்பது ஆண்டுகள் போராடியவர் ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை எம். இந்திரா காந்தி. 2009இல் அவருடைய முன்னாள் கணவர் மூன்று பிள்ளைகளையும் அவர் சம்மதமின்றி மதம் மாற்றினார். அது செல்லாது, தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைக் கிறிஸ்துவ சபைகளும் வரவேற்றன. வரவேற்ற கையோடு அதே அளவுகோலைத் தங்கள் வகுப்பறைக்கும் கொண்டுவர வேண்டும். இந்து வீட்டுப் பிள்ளை வந்தால் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். 'என்னென்ன சொல்லிக்கொடுக்கிறோம், நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கள்' என்று அழையுங்கள். 'உன் வீட்டுச் சாமி பேய்' என்று ஒரு சொல் வாயிலிருந்து வரக்கூடாது. ராஜ்கோட் தெருமுனையில் நடந்தது இங்கே மைலோவோடு நடந்தாலும் அது அதுதான்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈப்போ வரைக்கும் வந்த வசதி, ஆங்கில ஞாயிறு பள்ளி. பாடப் புத்தகம் அமெரிக்காவிலிருந்து வரும். படத்தில் இயேசுவுக்கு நீலக்கண். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை அங்கே வாயசைத்துவிட்டு வரும். தமிழில் பொருளா இல்லை? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குற்றாலக் குறத்தியின் இலக்கிய வகையை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். கண்ணதாசன், தம் மதத்தை விடாமலே, 'இயேசு காவியம்' எழுதினார். வில்லுப்பாட்டாகச் சொல்லலாம், விடுகதையாகப் போடலாம். மாற்கு தம் நூலைக் கிரேக்கத்தில் எழுதியவர். ஆனால் யவீருவின் மகளை இயேசு எழுப்பிய இடத்தில் அவர் பேசிய அரமேயச் சொற்களை அப்படியே விட்டுவைத்தார். வீட்டில் அம்மா காலையில் பிள்ளையை எழுப்பும் மொழி அது. எழுந்த பெண்ணுக்கு வயது 12. கூட்டம் மலைத்து நிற்க, அவளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்றார் இயேசு. அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை.

முதலில் சொன்ன முடக்குவாதக்காரர் பாக்கி இருக்கிறார். வீடு நிறையக் கூட்டம், வாசலில் இடமில்லை. நண்பர்கள் நால்வர் அவரைக் கூரைமேல் ஏற்றி, கூரையைப் பிரித்து, படுக்கையோடு கீழே இறக்கினார்கள். அந்த நால்வரின் விசுவாசத்தைக் கண்டுதான் இயேசு பேசத் தொடங்கினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவர் அதுவரை வாயே திறக்கவில்லை. அத்தாப்புக் கூரையும் தகரக் கூரையும் ஒழுகிய லயத்துக் கதைகளைத் தாத்தா சொல்லக் கேட்ட பிள்ளைகள் ஆசிரியர் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்பார்கள்: கூரையை அப்புறம் யார் கட்டிக்கொடுத்தது? மாற்கு அதை எழுதவில்லை. வீட்டுக்காரர் கத்தியிருப்பார் என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த நான்கு பேரும் மறுநாள் வந்திருப்பார்கள் என்று இன்னொன்று. இல்லை, நடந்து போனாரே, அவரே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார் என்று மூன்றாவது. மணி அடிக்கும்வரை விட்டுவிடலாம்.